புறப்புண்

நூற்றுப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில்
சாயாமல் உட்கார்ந்திருக்கிறது கிங்ஸ்பர்க்.
மூன்று நாள் ஒலியை இறக்கி, எதிரொலியை ஏற்றி
அதைத் திரையில் கோத்தவள் நான்.
மஞ்சள் என்றால் மேடு. நீலம் என்றால் பள்ளம்.
ஊதாவில் ஐந்து ஓட்டைகள்.
ஐந்தும் பின்புறத்தில்.

லூனன்பர்க் தீயணைப்பு மண்டபத்தில்
மடக்கு நாற்காலிகள், மீன் சூப்பின் ஆவி,
சட்டைகளில் ஒட்டிய பெயர்த் துண்டுகள்:
ஹிம்மல்மன், ட்ஸ்விக்கர், க்னிக்கிள், மொஸ்மன்.
எப்போதோ கப்பலேறி வந்த ஜெர்மன் பெயர்கள்.
அந்த நவம்பர் மாலை
ஜெர்மன் பீரங்கியின் எதிரே நின்றவையும்
இதே பெயர்கள்தாம்.

அங்கே பதினோரு அங்குல வாய்கள் ஆறு.
இங்கே நான்கு அங்குலத்தில் ஒன்று,
முந்திய போரில் மிஞ்சியது,
குளிரில் இறுகி, சுத்தியலால் தட்டினால்தான் திறக்கும்.
அதன் குண்டு போய்ச் சேர
இன்னும் ஐந்து மைல் கிட்டப் போகவேண்டும்.
ஐந்து மைல் போக யாரும் விடப்போவதில்லை.
பின்னால் முப்பத்தொரு சரக்குக் கப்பல்கள்,
கோதுமையும் பலகையும் ரின்பாலும் சுமந்து
கர்ப்பிணிகளைப் போல் மெல்லத் திரும்புகின்றன.

தப்பியவர்களில் ஒரு தலைவன்
பிறகு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தான்:
கடைசியாகப் பார்த்தபோது காவல் கப்பல்
எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.
தந்திகளுக்கு முன்னரே
அது இந்த ஊருக்கு வந்துவிட்டது.

என் மொழியில் இதற்குக் கணக்கு உண்டு.
மார்பில் பட்டால் விழுப்புண்; நடுகல்லில் பெயர் ஏறும்.
முதுகில் பட்டால், பெற்றவளும்
பிணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழுவாள்.
பள்ளி மேடையில் இதை முழங்கி
ஒரு பேனை பரிசு வாங்கியிருக்கிறேன்.
திரையில் ஊதா எழுந்தபோது
முதலில் வாய்க்கு வந்தது அந்தச் சொல்தான்.
அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாதது நல்லது.

மறுநாள் கமராவை இறக்கினோம்.
பின் தளத்தில், பாசிக்கும் கடற்சாமந்திக்கும் இடையில்
புகைப் பீப்பாய்களின் இரும்புத் தொட்டில்கள்.
எண்ணினேன், முப்பத்திரண்டு.
எல்லாம் வெறுமை.
புகையைப் பின்புறத்தால்தான் விடமுடியும்.
சுவர் கட்டுகிறவனுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் இடமில்லை.
அந்தச் சுவருக்குள் நுழைந்து இருட்டோடு கலந்து
இருபத்தெட்டுக் கப்பல்கள் லிவர்பூல் சேர்ந்தன,
வாக்கியம் எழுதியவன் உட்பட.

வேர்னா மொஸ்மனுக்கு எண்பத்தொரு வயது.
கப்பல் போய் நாலாம் மாதம் பிறந்தவள்,
சுக்கான் பிடித்தவனின் மகள்.
பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது:
திரும்பினவன் பெட்டை.
தொட்டில்களைப் பற்றி நான் சொல்லி முடித்தபோது
கைதட்டிய மண்டபத்தில் அவள் தட்டவில்லை.
கிட்ட வந்து கேட்டாள்:
"சுக்கான் எந்தப் பக்கம் நிற்கிறது?"

இடப்பக்கம், முழுவதுமாக.

"அப்படியென்றால் மறுபடி அவர்களை நோக்கியா?"

ஓமென்று சொல்லியிருக்கலாம்.
மூழ்கும் கப்பல் சுழன்றுகொண்டே இறங்கும்;
கடைசியில் எங்கே போக நினைத்தது என்று
சோனாருக்குத் தெரியாது என்றேன்.

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.
"லொறியையும் இப்படித்தான் வளைப்பாராம்.
அம்மா சொல்வாள், உருளைக்கிழங்கு முழுக்க வீதியிலே."

அன்றிரவு படிவத்தில்
சேதத்தின் இடம் என்ற கட்டத்தில்
பின்புறம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.
ஆங்கிலத்தில் அது வெறும் இடம்.

படத்தை வேர்னா வாங்கிப் போயிருந்தாள்.
கைப்பைக்குள் அடங்கவில்லை.
இரண்டாக மடித்தாள், பிறகு நாலாக.
மடிப்பு சரியாக அந்த ஐந்து ஓட்டைகளின் மேல் விழுந்தது.
நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு
சூப் இன்னும் சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.